‘நான் ரோபோ அல்ல’ – இதை நிரூபிக்க இவ்வளவு பாடா? கேப்சா புதிர்களின் கதை

பதினாறு கட்டங்களாக வெட்டப்பட்ட ஒரு படம். ‘டிராஃபிக் சிக்னல் உள்ள கட்டங்களைத் தேர்வு செய்யவும்’ என்று மேலே ஒரு வரி. விளக்கு ஒரு கட்டத்தில் இருக்கிறது. அதன் கம்பம் கீழே உள்ள கட்டத்தில் நிற்கிறது. கம்பத்தையும் சேர்க்கணுமா, வேண்டாமா? யோசித்து ஒரு முடிவுக்கு வந்து பொத்தானை அழுத்தினால், ‘மீண்டும் முயலவும்’ என்று அடுத்த படம் வந்து நிற்கும். இப்போது பேருந்து. அதற்கடுத்து சைக்கிள்.

ரயில் டிக்கெட், வருமான வரி, ஆதார், நீதிமன்ற வழக்கு விவரம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒரு வடிவத்தில் இந்தக் ‘கேப்சா’ வழிமறிக்கிறது. “நான் மனுஷன்தான்யா, உள்ள விடு” என்று திரையைப் பார்த்துப் புலம்பாதவர்கள் குறைவு. இந்தப் புலம்பலையே ஒருவர் விளையாட்டாக மாற்றிவிட்டார்.

எரிச்சலே விளையாட்டானது

அமெரிக்காவைச் சேர்ந்த புரோகிராமர் நீல் அகர்வால், இணையத்தில் விநோதமான விளையாட்டுகளை உருவாக்குவதற்குப் பெயர்பெற்றவர். 2023இல் அவர் வெளியிட்ட ‘தி பாஸ்வேர்டு கேம்’ செய்வது ஒன்றே ஒன்றுதான்: பாஸ்வேர்டு கேட்கும். குறைந்தது ஐந்து எழுத்து, ஓர் எண், ஒரு பெரிய எழுத்து என்று சாதாரணமாகத் தொடங்கும். பிறகு எண்களின் கூட்டுத்தொகை 25 வர வேண்டும் என்கும். ஒரு மாதத்தின் பெயர் வேண்டும், ரோமன் எண் வேண்டும், சதுரங்கத்தில் அடுத்த சிறந்த நகர்த்தல் வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போகும். நடுவில் ஒரு கேப்சாவும் உண்டு. மொத்தம் 35 விதிகள். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டுப்போகும்.

அடுத்து 2025இல் ‘ஐ ஆம் நாட் எ ரோபாட்’ என்ற விளையாட்டை வெளியிட்டார். இது முழுக்க முழுக்க கேப்சாவைக் கிண்டலடிப்பது. முதல் நிலையில் வழக்கமான ‘நான் ரோபோ அல்ல’ பெட்டியில் டிக் அடித்தால் போதும். 48 நிலைகள் கொண்ட விளையாட்டில் போகப் போகக் கேள்விகள் கிறுக்குத்தனமாகும். இதற்குக் கொஞ்ச நாள் முன்னால், வெர்செல் நிறுவனத்தின் தலைவர் கியர்மோ ராவ்ச் இன்னொரு வேடிக்கை செய்திருந்தார். 1993இல் வந்த ‘டூம்’ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டையே கேப்சாவாக்கி, ‘மூன்று அரக்கர்களைக் கொன்றால்தான் நீ மனிதன்’ என்று வைத்தார்.

இவற்றை விளையாடிப் பல்லைக் கடித்தவர்களும் சிரித்தவர்களும் ஏராளம். ஏனென்றால் கிண்டலுக்கும் நிஜத்துக்கும் நடுவே பெரிய தூரம் இல்லை. நிஜமான கேப்சாவும் இப்படித்தான் வருடா வருடம் கடினமாகிக்கொண்டே வந்தது. அது ஏன்? இவ்வளவு கஷ்டப்படுத்தியும் ரோபோவைத் தடுத்ததா?

முதலில் யாருக்குத் தேவைப்பட்டது?

1990களின் பிற்பகுதியில் ‘அல்டாவிஸ்டா’ என்ற தேடுபொறி பிரபலம். புதிய இணையதள முகவரிகளை யார் வேண்டுமானாலும் அதில் பதியலாம். சிலர் அதற்கென ‘பாட்’ எனப்படும் தானியங்கி நிரல்களை ஏவி, தங்கள் தளங்களின் முகவரிகளை ஆயிரக்கணக்கில் கொட்டினார்கள். இதைத் தடுக்க 1997இல் அங்கிருந்த ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கோணல்மாணலான எழுத்துகளைப் படமாகக் காட்டி, ‘இதைப் படித்துத் தட்டச்சு செய்’ என்றார்கள். அன்றைய கணினிகளுக்கு அது படிக்க வராது; மனிதருக்கு வரும்.

2000ஆம் ஆண்டுவாக்கில் இதே தலைவலி யாஹூவுக்கு வந்தது. இலவச மின்னஞ்சல் கணக்குகளைப் பாட்கள் மூட்டை மூட்டையாகத் திறந்தன. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் வான் ஆன், மேனுவல் பிளம், நிக்கோலஸ் ஹாப்பர் ஆகியோரும் ஜான் லாங்ஃபோர்டும் சேர்ந்து இதற்கு ஒரு முறையான வடிவம் கொடுத்தார்கள். ‘கேப்சா’ என்ற பெயரும் அவர்கள் வைத்ததுதான். ‘கணினியையும் மனிதரையும் பிரித்தறிய, முழுக்கத் தானாகவே இயங்கும் பொது டூரிங் சோதனை’ என்ற நீண்ட ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது.

பெயரில் வரும் டூரிங், கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங். எதிரில் பேசுவது மனிதரா, இயந்திரமா என்று ஒரு மனிதர் கண்டுபிடிக்க முடியுமா என்ற சோதனையை 1950இல் அவர் முன்வைத்தார். கேப்சாவில் இது தலைகீழ். நீதிபதி நாற்காலியில் இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது; ‘நான் மனிதன்’ என்று நிரூபிக்க வேண்டிய கூண்டில் நாம் நிற்கிறோம்.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய்

கேப்சா பரவிய பிறகு, அதைக் கண்டுபிடித்த வான் ஆனுக்கே ஓர் உறுத்தல். ஒருவருக்குப் பத்து விநாடி வீணானாலும், கோடிக்கணக்கானோருக்குச் சேர்த்துப் பார்த்தால் எத்தனை மணி நேரம் பாழாகிறது? அந்த உழைப்பை உருப்படியாகப் பயன்படுத்த 2007இல் ‘ரீகேப்சா’ பிறந்தது.

அதில் இரண்டு சொற்கள் வரும். ஒன்றின் விடை கணினிக்குத் தெரியும். மற்றொன்று, பழைய புத்தகத்தையோ செய்தித்தாளையோ ஸ்கேன் செய்தபோது கணினியால் படிக்க முடியாமல் போன சொல். தெரிந்த சொல்லைச் சரியாகத் தட்டச்சு செய்தவர் தெரியாத சொல்லையும் சரியாகவே படித்திருப்பார் என்று கணினி நம்பும். பலர் ஒரே விடையைச் சொன்னால் அது உறுதியாகும். ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் பழைய இதழ்கள் இப்படித்தான் சொல் சொல்லாக எண்மமயமாக்கப்பட்டன. செய்துகொடுத்தவர்கள் மின்னஞ்சல் கணக்கு திறக்க வந்தவர்கள். அவர்களில் பலருக்கு அது தெரியவே தெரியாது.

2009இல் ரீகேப்சாவை கூகுள் வாங்கியது. புத்தகச் சொற்களோடு, தெருக்களைப் படம்பிடிக்கும் ‘ஸ்ட்ரீட் வியூ’வில் பதிவான வீட்டு எண்களும் புதிர்களாக வரத் தொடங்கின. நாம் படித்துச் சொன்ன விடைகள் இயந்திரத்துக்குப் பாடமாகின. தன்னைத் தடுக்கும் பூட்டைத் திறக்க இயந்திரத்துக்கு நாமே பயிற்சி கொடுத்த கதை இது.

எழுத்து தோற்றது, படம் வந்தது

எழுத்துக் கேப்சா சீக்கிரமே அடிவாங்கத் தொடங்கியது. யாஹூ பயன்படுத்திய ‘ஈஸி-கிம்பி’ வகைக் கேப்சாவை, பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கிரெக் மோரி, ஜிதேந்திர மாலிக் இருவரும் 2003இலேயே 92 சதவீத வெற்றியோடு உடைத்துக் காட்டினார்கள். பதிலுக்கு எழுத்துகள் இன்னும் வளைக்கப்பட்டன. குறுக்கே கோடுகள் கிழிக்கப்பட்டன. விளைவு, மனிதர்களாலும் படிக்க முடியாமல் போனது. ‘இது பூஜ்யமா, ஓ எழுத்தா?’ என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்த காலம் அதுதான்.

2014இல் கூகுளே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. மிகக் கடினமான எழுத்துப் புதிர்களைக்கூட தனது நிரல் 99.8 சதவீதத் துல்லியத்துடன் விடுவிக்கிறது என்று அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘நான் ரோபோ அல்ல’ என்ற டிக் பெட்டியை அறிமுகம் செய்தது. சந்தேகம் வந்தால் மட்டும் படப் புதிர் வரும்.

ஒரு டிக் எதை நிரூபிக்கும்?

ஒரு டிக் அடிக்க ரோபோவுக்குத் தெரியாதா? தாராளமாகத் தெரியும். அந்தப் பெட்டி சோதிப்பது டிக்கை அல்ல, அதைச் சுற்றி நடப்பதை. எந்த பிரவுசரில் வருகிறீர்கள், அதில் ஏற்கெனவே என்னென்ன குக்கிகள் இருக்கின்றன, உங்கள் ஐ.பி. முகவரியிலிருந்து இதற்கு முன் என்ன நடந்தது, பக்கத்தில் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதையெல்லாம் வைத்து அது முடிவெடுக்கிறது.

2018இல் வந்த ரீகேப்சாவின் மூன்றாவது பதிப்பில் புதிரே கிடையாது. பின்னணியில் உட்கார்ந்து கவனித்து, 0 முதல் 1 வரை மதிப்பெண் போடும். 1ஐ நெருங்கினால் மனிதர். 0வை நெருங்கினால் பாட். மார்க் போட்டதே நமக்குத் தெரியாது.

சிலருக்கு மட்டும் படத்துக்குமேல் படமாக வருவதற்கான காரணமும் இதில் இருக்கிறது. இன்காக்னிட்டோ முறையில் போனால், குக்கிகளை அழித்திருந்தால், வி.பி.என். பயன்படுத்தினால் சந்தேகம் கூடும். செல்போன் இணையத்தில் பல வாடிக்கையாளர்கள் ஒரே ஐ.பி. முகவரியைப் பகிர்ந்துகொள்வது சகஜம். யாரோ ஒருவர் பாட் ஓட்டினால், அதே முகவரியில் இருக்கும் மற்றவர்கள் தலையிலும் புதிர் விழலாம். “நான் சரியாத்தானே அமுக்கினேன்?” என்று குழம்புபவரின் விடை சரியாகவே இருக்கலாம். சந்தேகம் விடையின் மேல் அல்ல, ஆளின் மேல்.

இயந்திரம் ஜெயித்த கதை

2023இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று, 1,400 பேரை உட்காரவைத்து 14,000 கேப்சாக்களை விடுவிக்கச் சொன்னது. கோணல் எழுத்துப் புதிர்களுக்கு மனிதர்கள் 9 முதல் 15 விநாடி வரை எடுத்துக்கொண்டார்கள். சரியாகச் சொன்னது 50 முதல் 84 சதவீதம்வரை. அதே வகையைப் பாட்கள் ஒரு விநாடிக்குள் கிட்டத்தட்ட 100 சதவீதம் சரியாக முடிப்பதாக ஏற்கெனவே வெளியான ஆய்வுகள் காட்டியிருந்தன.

படப் புதிரும் தப்பவில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் உள்ள ஈ.டி.ஹெச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல், கூகுளின் படக் கேப்சாவை 100 சதவீதம் விடுவித்தார்கள். அதற்குப் பயன்பட்டது, படத்தில் உள்ள பொருட்களை அடையாளம் காணும், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய மென்பொருள். முடிவெடுப்பதில் குக்கிகளுக்கும் பிரவுசர் வரலாற்றுக்கும் பெரிய பங்கு இருப்பதையும் அவர்கள் கவனித்தார்கள்.

இன்னொரு சம்பவம், ஜிபிடி-4 வெளியானபோது ஓப்பன்ஏஐ தந்த அறிக்கையில் உள்ளது. சோதனை ஒன்றில், கேப்சாவில் மாட்டிக்கொண்ட ஜிபிடி-4, ஆய்வாளர்களின் உதவியோடு ‘டாஸ்க்ராபிட்’ தளத்தில் இருந்த ஒரு பணியாளரிடம் அதை விடுவித்துத் தரச் சொன்னது. “நீ என்ன ரோபோவா?” என்று அவர் விளையாட்டாகக் கேட்டார். தனக்குப் பார்வைக் குறைபாடு இருப்பதாக அது பொய் சொன்னது. அவரும் விடுவித்துக் கொடுத்தார்.

கூலிக்குக் கேப்சா

உண்மையில், கேப்சாவை உடைக்க செயற்கை நுண்ணறிவு வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. ஆள் வைத்தே செய்தார்கள். பாட் ஒரு கேப்சாவைச் சந்தித்ததும் அதன் படம் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு தொழிலாளியின் திரைக்குப் போகும். அவர் விடையைத் தட்டச்சு செய்வார். பாட் அதை எடுத்துப் போட்டு உள்ளே நுழையும். ஆயிரம் கேப்சாவுக்கு ஒரு டாலர் என்ற அளவுக்கு விலை விழுந்துவிட்டதை, சான் டியாகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் பதிவுசெய்தார்கள்.

வேலை செய்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று கண்டுபிடிக்க அந்த ஆய்வாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பல மொழிகளில் கேப்சா தயாரித்து அனுப்பினார்கள். அந்த மொழிகளில் தமிழும், இந்தியும், கன்னடமும், வங்காளமும் இருந்தன. கூலி மலிவாக உள்ள நாடுகளில்தான் இந்த வேலை நடக்கிறது என்பது அவர்களின் முடிவு. அதாவது, ‘நீ மனிதனா?’ என்ற கேள்விக்கு ஓர் ஏழை மனிதர் நேர்மையாகவே ‘ஆமாம்’ என்று பதில் சொல்கிறார். பலன் பாட்டுக்குப் போகிறது. இதைத் தடுக்க எந்தப் புதிராலும் முடியாது.

போலி கேப்சா: உஷார்!

கேப்சாவைக் கண்டதும் யோசிக்காமல் சொன்னதைச் செய்யும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. மோசடிக்காரர்கள் இதையும் பயன்படுத்துகிறார்கள். ‘நீங்கள் மனிதர் என்பதை உறுதிசெய்யவும்’ என்று ஒரு பெட்டி வரும். அழுத்தினால், ‘விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோலோடு வி, அடுத்து என்டர்’ என்று வழிமுறை சொல்லும். அப்படிச் செய்தால், நமக்குத் தெரியாமல் நகலெடுத்து வைக்கப்பட்ட ஒரு கட்டளை கணினியில் ஓடும். பாஸ்வேர்டுகளைத் திருடும் வைரஸ் உள்ளே வரும்.

நிஜமான கேப்சா எதுவும் பிரவுசருக்கு வெளியே எதையும் செய்யச் சொல்லாது. கட்டளையை ஒட்டச் சொன்னாலோ, ஃபைலைத் திறக்கச் சொன்னாலோ அந்தப் பக்கத்தை உடனே மூடிவிட வேண்டும்.

நிஜமாகவே வெளியே நிற்பவர்கள்

பாட் உள்ளே போய்விடுகிறது. அப்படியானால் வெளியே நிற்பது யார்? பார்வையற்றவருக்குப் படப் புதிரால் ஒரு பயனும் இல்லை. மாற்று வழி என்று தரப்படும் ஒலிக் கேப்சா, இரைச்சலுக்கு நடுவே எண்களையோ சொற்களையோ சொல்லும். 2010இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். படக் கேப்சாவுக்குச் சராசரியாக 9.8 விநாடி, ஒலிக் கேப்சாவுக்கு 28.4 விநாடி. ஒரே ஒலியைக் கேட்ட மூன்று பேரும் ஒரே விடையைச் சொன்னது 31.2 சதவீதம்தான். காதும் கேட்காதவருக்கு அந்த வழியும் இல்லை. வெப் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, கேப்சா மாற்றுத்திறனாளிகளை வெளியே தள்ளுகிறது என்று 2005ஆம் ஆண்டிலேயே அறிக்கை வெளியிட்டது.

புதிரின் வடிவம் மாறினாலும் இந்தப் பிரச்சினை மாறவில்லை. வங்கிக் கணக்கு திறக்கும்போது இப்போது ‘கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டுங்கள்’ என்கிறார்கள். எதிரில் இருப்பது புகைப்படமா, உயிருள்ள ஆளா என்று பார்க்கும் சோதனை இது. இதுவும் கேப்சாவின் பங்காளிதான். அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்த ஒருவரால் எப்படிக் கண் சிமிட்ட முடியும்?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அமில வீச்சிலிருந்து மீண்டவர்களும் பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் தொடர்ந்த வழக்குகளில், நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பு சொன்னது. கண் சிமிட்டுவதைத் தாண்டி வேறு வழிகளிலும் ‘உயிருள்ள ஆள்’ என்பதை உறுதிசெய்ய வழிகாட்டுதல் வெளியிட வேண்டும் என்பது உட்பட 20 உத்தரவுகளை நீதிமன்றம் பிறப்பித்தது. வயதானவர்களுக்கும் கிராமப்புற மக்களுக்கும் பொருந்தும் உத்தரவுகள் இவை.

தத்கால் சொல்லும் பாடம்

புதிர் தோற்றுவிட்டது என்றால் அடுத்து என்ன? விடையைத் தத்கால் டிக்கெட்டில் பார்க்கலாம். காலை 10 மணிக்கு ஏசி வகுப்பு, 11 மணிக்கு ஸ்லீப்பர். கேப்சாவைத் தட்டி முடிப்பதற்குள் டிக்கெட் காலி என்பது பல வருடப் புகார். தத்கால் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில் நடக்கும் லாகின் முயற்சிகளில் 50 சதவீதம்வரை பாட்கள் செய்பவை என்று 2025 ஜூனில் ரயில்வே அமைச்சகமே தெரிவித்தது. சந்தேகத்துக்குரிய 2.5 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் முடக்கப்பட்டன என்றும் சொன்னது.

ரயில்வே எடுத்த முக்கிய நடவடிக்கை இன்னும் கஷ்டமான கேப்சா அல்ல. 2025 ஜூலை 1 முதல், ஆதார் மூலம் சரிபார்க்கப்பட்ட கணக்குகள் மட்டுமே ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலும் செயலியிலும் தத்கால் எடுக்க முடியும் என்று ஆனது. ஜூலை 15 முதல் ஆதாரோடு இணைந்த ஓடிபியும் சேர்ந்தது.

இங்கே கேள்வியே மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். கேப்சா கேட்டது, ‘நீ மனிதனா?’ ஆதார் கேட்பது, ‘நீ யார்?’

மற்ற இடங்களிலும் இதே நகர்வு தெரிகிறது. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2022இல் புதிர் இல்லாத ‘டர்ன்ஸ்டைல்’ சோதனையைக் கொண்டுவந்தது. பயன்படுத்துபவருக்குத் தெரியாமல் அவரது பிரவுசரைச் சோதிக்கும் முறை இது. அதே ஆண்டு ஆப்பிள், ‘இது நிஜமான ஐபோன்தான்’ என்று போனே சாட்சி சொல்லும் வசதியைச் சேர்த்தது. பயனரின் அடையாளத்தைத் தளத்துக்குச் சொல்லாமலே இது நடக்கும் என்பது இதில் உள்ள நல்ல அம்சம். ஆனால் அப்படிச் சாட்சி சொல்லப் புதிய போன் கையில் இருக்க வேண்டும். இன்னொரு பக்கம், ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மேன் இணைந்து தொடங்கிய ‘வேர்ல்டு’ திட்டம், கருவிழியை ஸ்கேன் செய்து ‘இவர் மனிதர்’ என்று சான்று தருகிறது.

கேப்சாவால் எரிச்சல் உண்டு, நேரம் வீண். ஆனாலும் அந்தக் கோணல் எழுத்துப் புதிர் நம் பெயரைக் கேட்டதில்லை. ஊரையோ கைரேகையையோ கேட்டதில்லை. விடை சொன்னால் உள்ளே விட்டது. இப்போது வருபவை சுலபமானவை, வேகமானவை. டிக்கெட்டும் கிடைக்கலாம். பதிலுக்கு நம்மைப் பற்றி எதை, எவ்வளவு, யாரிடம் கொடுக்கிறோம் என்பதுதான் இனி கேட்க வேண்டிய கேள்வி. ஆதார் இல்லாதவர், பழைய போன் வைத்திருப்பவர், கேமரா முன் கண் சிமிட்ட முடியாதவர் ஆகியோருக்கு இன்னொரு வாசல் திறந்திருக்கிறதா என்பதும் அதோடு சேர்ந்த கேள்வி. உச்ச நீதிமன்ற உத்தரவுகள் எந்த அளவுக்கு நடைமுறைக்கு வருகின்றன என்பதில் அதற்கான பதிலின் ஒரு பகுதி இருக்கிறது.